தலைப்பிரசவமும் ஒரு ரப்பர் பலூனும்

1. அந்தக் கேள்வி

"ஒண்ணுக்குப் போக வைக்கிற குழாய வெச்சா புள்ளைய வர வைக்கப் போறீங்க?"

பிரசவ வார்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் ராஜலட்சுமி. உள்ளே கட்டிலில் இருந்த தமிழரசியின் நாத்தனார். கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே உள்ள ஓர் அரசு மருத்துவமனையில் நான் பிரசவ வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டராக இருந்தேன். அவர் போட்ட சத்தத்தில் வராண்டாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. டாக்டர் சரளா எங்கள் மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்த புதிதில், பிரசவ அறைக்குள் ஒரு ஃபோலி கதீட்டர் கொண்டு வரச் சொன்னபோது நானும் மனசுக்குள் ஏறக்குறைய இதையேதான் கேட்டுக்கொண்டேன்.

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இது பழகிய விஷயம். எங்கள் வார்டுக்கு அன்று புதிது. ஃபோலி கதீட்டர் என்பது சிறுநீர் போக வைக்கும் ரப்பர் குழாய்தான். நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். குழாய் உள்ளே போனதும் நழுவி வெளியே வராமல் இருக்க அந்த பலூனில் தண்ணீர் ஏற்றுவோம். அதே குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே செலுத்தி, வாய்க்கு உள்பக்கம் பலூனைப் பெரிதாக்கினால், அது அந்த வாயை மெல்ல மெல்ல அழுத்தி இளக வைக்கும். மருந்து கிடையாது. அழுத்தம் மட்டும்தான். மெக்கானிக்கல் இன்டக்ஷன் என்று நர்சிங் படிக்கும்போது ஒரு பாராவில் படித்ததோடு சரி. வேலையில் சேர்ந்த பிறகு நான் பார்த்ததெல்லாம் வலி வரவழைக்கும் ஜெல்லும் டிரிப்பும்தான்.

தலைப்பிரசவத்துக்கு வருகிறவர்களை வார்டில் 'பிரைமி' என்போம். பிரைமிக்கு வலி வரவழைப்பது சுலபமான வேலை இல்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்றவளுடைய கர்ப்பப்பை வாய் ஒரு முறை திறந்து மூடியது. பிரைமிக்கு அது கெட்டியாக, நீளமாக, இறுக்கிப் பூட்டிய மாதிரி இருக்கும். வாய் இளகுவதற்கு முன்னால் டிரிப் போட்டால் வலி வரும், வழி திறக்காது. பெண் நாள் முழுக்கக் கத்திக் களைத்துப் போவாள். கடைசியில் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அப்படி ஓடிய ஸ்ட்ரெச்சர்களை நிறையத் தள்ளியிருக்கிறேன்.

2. அங்கன்வாடி டீச்சர்

தமிழரசி திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். புருஷன் செந்தில் பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்று மதகுகளில் ஷட்டரை ஏற்றி இறக்கித் தண்ணீர் விடுகிற வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. ஊரில் பிறக்கிற பிள்ளைகளை எல்லாம் தராசில் தூக்கி வைத்து எடை பார்த்து, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்து, இரும்பு மாத்திரை சாப்பிட்டார்களா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்த பெண், தானே கர்ப்பமாகி நின்றபோது முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார்.

ஒன்பதாம் மாதத்தில் பி.பி. ஏறியது. ஸ்கேனில் குழந்தை அந்த மாதத்துக்கு இருக்க வேண்டியதைவிடச் சிறியதாக இருந்தது. டாக்டர் சரளா வார்டில் சேர்த்துவிட்டு, "இனிமே உள்ள இருக்கறதால புள்ளைக்கு லாபம் இல்ல. வெளிய கொண்டு வந்துடலாம்" என்றார்.

வெளியே கொண்டு வருவது என்றால் ஆபரேஷன்தான் என்று குடும்பம் எடுத்துக்கொண்டது. தவமிருந்து வந்த பிள்ளை, வயசும் ஆகிவிட்டது, பி.பி. வேறு. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். டாக்டர் பலூன் வைக்கிறேன் என்றதும்தான் ராஜலட்சுமி அந்தக் கேள்வியைக் கேட்டார். அவருக்கு ஒரு காரணமும் இருந்தது.

"எம் பொண்ணுக்கு வேற ஊர்ல வலி வர மருந்து குடுத்தாங்க டாக்டரம்மா. பகல் பூரா அவ பட்ட பாட்ட நான் கண்ணால பாத்தேன். அப்புறமும் ஆபரேஷன்தான் பண்ணாங்க. இவ வயசுக்கு அதெல்லாம் தாங்க மாட்டா. நேரா கத்திய வெச்சுடுங்க."

இப்படிப்பட்ட நேரத்தில் 'டாக்டர் சொன்னா கேளுங்க' என்று முடித்துவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். கூட்டத்தைச் சமாளிக்க நானே அப்படிப் பேசத்தான் பழகியிருந்தேன். டாக்டர் சரளா கோபப்படவில்லை. தமிழரசி, செந்தில், ராஜலட்சுமி மூன்று பேரையும் தன் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். "சிஸ்டர், ஒரு கதீட்டரும் சிரிஞ்சும் சலைனும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

மேஜை மேல் வைத்தே அந்த பலூனில் சலைனை ஏற்றிக் காட்டினார். அது கொழுத்த எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது. ராஜலட்சுமியின் கையில் கொடுத்தார்.

"அமுக்கிப் பாருங்கம்மா."

அவர் அமுக்கினார். "மெத்துன்னு இருக்கு."

"இப்ப உங்க மூக்கு நுனியத் தொட்டுப் பாருங்க. அப்புறம் உதட்டத் தொடுங்க."

ராஜலட்சுமி தயங்கித் தயங்கித் தொட்டார். செந்திலும் சத்தமில்லாமல் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

"டீச்சரோட கர்ப்பப்பை வாய் இப்ப மூக்கு நுனி மாதிரி கெட்டியா இருக்கு. அது உதடு மாதிரி ஆகணும். ஆன பின்னாடி வலி வந்தாதான் பிரயோசனம். உங்க பொண்ணுக்கு அது ஆகறதுக்கு முன்னாடியே வலி வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் பாக்கல."

"ஜெல்லுன்னு ஒண்ணு வெப்பாங்களே மேடம்?" என்றார் தமிழரசி. கர்ப்பிணிகளோடு இருந்து பழகியவர், அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஜெல் நல்ல மருந்துதான். நானும் வெப்பேன். ஆனா சில பேருக்குத் திடீர்னு வலி மேல வலியா வந்துடும். நல்ல எடையில இருக்கற புள்ள அதத் தாங்கிடும். உங்க புள்ள கொஞ்சம் இளைச்ச புள்ள. பலூன் அந்த மாதிரி அடிக்காது. சரிப்படலேன்னா தண்ணிய எடுத்துட்டு உருவிடலாம்."

செந்தில் சொன்னார்: "காஞ்சு கெடக்கற வாய்க்கால்ல ஷட்டர ஒரேயடியாத் தூக்கினா கரைய அரிச்சுடும் மேடம். நாங்களும் கொஞ்சமாத் தூக்கி வெச்சுட்டு நின்னு பாப்போம்."

"அதேதாங்க" என்றார் டாக்டர்.

ராஜலட்சுமி விடவில்லை. "இவ்வளவும் பண்ணி, அப்புறமும் ஆபரேஷன்னு ஆச்சுன்னா?"

"ஆகலாம்மா. ஆகவே ஆகாதுன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. டாக்டர் தமிழரசி பக்கம் திரும்பினார். "டீச்சர், எல்லாரும் பேசிட்டாங்க. நீங்க சொல்லுங்க."

"வலிக்குமா மேடம்?"

"வைக்கறப்ப அடிவயித்த இழுத்துப் பிடிக்கும். அப்புறம் மாசத் தீட்டு வலி மாதிரி இருக்கும்."

"புள்ளைக்கு?"

"நாடித்துடிப்பப் பாத்துக்கிட்டே இருப்போம். எறங்கி நின்னுச்சுன்னா யோசிக்கவே மாட்டேன், தியேட்டர்தான்."

தமிழரசி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப வைங்க மேடம்" என்றார்.

3. பலூனோடு நடந்தவர்

அன்று மாலை பலூனை வைத்தோம். முதலில் சி.டி.ஜி. மெஷினில் குழந்தையின் துடிப்பைப் பார்த்தோம். நஞ்சுக்கொடி மேலே இருக்கிறதா, பனிக்குடம் உடையாமல் இருக்கிறதா, கிருமித் தொற்று எதுவும் இல்லையா என்று டாக்டர் மறுபடியும் உறுதி செய்துகொண்டார். சுத்தம் செய்து, வழியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலத்தை வைத்தார். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். "இப்ப ஜில்லுன்னு இருக்கும்." "இப்ப அழுத்தும்." "இப்ப மூச்ச மெதுவா வெளிய விடுங்க."

முதல் தடவை குழாயின் நுனி வாய்க்குள் நுழையாமல் வளைந்துவிட்டது. தமிழரசி பல்லைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். டாக்டர் கையை எடுத்துவிட்டார். "அவசரம் ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க சரின்னு சொன்னதும் திரும்பப் பாக்கலாம்" என்று ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெளியே ஓ.பி. கூட்டத்தின் மிச்சம் காத்திருந்தது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தமிழரசி தலையை ஆட்டிய பிறகுதான் மறுபடி தொட்டார். அந்தத் தடவை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பலூனில் சலைனை ஏற்றி, லேசாக இழுத்துப் பார்த்து, குழாயைத் தொடையோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டினோம்.

பலூன் வைத்தால் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. எழுந்து நடக்கலாம், சாப்பிடலாம். தமிழரசி வார்டு வராண்டாவில் காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்தார். பின்னாலேயே வெந்நீர் ஃப்ளாஸ்க்கோடு ராஜலட்சுமி. மற்றக் கர்ப்பிணிகள் என்ன ஏது என்று கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தால், பெஞ்சில் உட்கார்ந்து நாலைந்து பெண்களுக்கு டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "மூக்கத் தொட்டுப் பாருங்க... இப்ப உதடு." எல்லோரும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வார்டில் சேர்ந்ததிலிருந்து எவ்வளவோ ஹெல்த் டாக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

4. மறுநாள் காலை

காலையில் டாக்டர் வந்து குழாயை லேசாக இழுத்துப் பார்த்தார். பலூன் அசையவில்லை. பி.பி. முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டினார். "தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா?" என்று கேட்டார். இல்லை என்றார் தமிழரசி.

வெளியே ராஜலட்சுமி தம்பி செந்திலைப் பிடித்துக்கொண்டார். "நேத்துலேந்து அப்படியே இருக்கு. போய் டாக்டர்கிட்ட ஆபரேஷன் பண்ணச் சொல்லுடா."

"அவங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்? இரு அக்கா."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சி.டி.ஜி. மெஷினின் சத்தம் மாறியது. தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த துடிப்பு இழுத்து இழுத்து விழ ஆரம்பித்தது. தமிழரசி மல்லாந்து படுத்திருந்தார். நான் ஓடிப்போய் அவரை இடது பக்கமாகத் திருப்பினேன். டாக்டர் சலைன் பாட்டிலை வேகமாகத் திறந்துவிட்டார். துடிப்பு ஏறவில்லை. "தியேட்டர ரெடி பண்ணச் சொல்லுங்க. மயக்க டாக்டருக்கு போன் போடுங்க" என்றார். குரல் உயரவில்லை.

செந்திலிடம் கையெழுத்து வாங்கினோம். ஆபரேஷன் ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டிருந்த ராஜலட்சுமி, அது வந்தே விட்டது என்றதும் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தார்.

டாக்டர் தமிழரசியின் வயிற்றில் ஒரு கையை வைத்தபடி மெஷினிலிருந்து வரும் பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்ட்ரெச்சர் வந்து சேர்வதற்குள் துடிப்பு திரும்பியது. முதலில் மெல்ல, பிறகு பழையபடி. மல்லாந்து படுத்ததில் ரத்தக் குழாய் அழுந்தியிருக்கும் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். கோடு நன்றாக ஏறி இறங்கி ஓடியது.

"தியேட்டர் ரெடியாவே இருக்கட்டும். மயக்க டாக்டரும் இருக்கட்டும். இப்ப வெட்ட வேண்டாம்."

இதை எழுதும்போதும் அந்த இடம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஆபரேஷன் செய்திருந்தால் டாக்டரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். செய்யாமல் இருந்து ஏதாவது ஆகியிருந்தால் ஊரே கேட்டிருக்கும். பயத்தில் கத்தியை எடுத்த டாக்டர்களோடும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நின்று காத்திருப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதற்கப்புறம் தமிழரசி பாத்ரூம் போக வேண்டும் என்றார். நான் கூடவே போய்க் கதவருகில் நின்றேன். உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார்.

"சிஸ்டர், ஏதோ வழுக்கிக்கிட்டு வெளிய வந்துடுச்சு. என்னன்னு பாருங்களேன்."

பார்த்தேன். ஊதிய பலூன் அப்படியே குழாயோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க டீச்சர். நல்ல சேதிதான். வாய் தொறந்துக்கிச்சு, அதான் தானா விழுந்துடுச்சு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பிலேயே கண்ணில் நீர் வந்தது.

டாக்டர் உள்பரிசோதனை செய்தார். வாய் இளகி, மூன்று விரல் போகுமளவுக்குத் திறந்திருந்தது. பனிக்குடத்தை உடைத்துவிட்டார். தண்ணீர் தெளிவாக இருந்தது. பிறகுதான் வலி கூட்டும் டிரிப், அதுவும் சொட்டுச் சொட்டாக. வலி தொடங்கியதும் தமிழரசி, "அண்ணியக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்றார்.

புருஷனைக் கேட்பார் என்று நினைத்தேன், அம்மாவைக் கேட்பார் என்று நினைத்தேன். பலூனை எதிர்த்துப் பேசிய நாத்தனாரைக் கேட்டார். ராஜலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தமிழரசியின் இடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தார். வலி வரும்போது தேய்ப்பதும், விட்டதும் ஒரு மடக்கு வெந்நீர் கொடுப்பதுமாக, அந்தப் பெண்மணி மதியச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே போகவில்லை. தமிழரசி கத்தவில்லை என்று சொன்னால் பொய். கத்தினார். ஆனால் ஒவ்வொரு வலி முடிந்ததும், "புள்ள துடிப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

"இப்ப முக்குங்க டீச்சர்" என்று நான் சொன்னதைவிட, "முக்குடி என் தங்கம்" என்று ராஜலட்சுமி சொன்னதற்குத்தான் அவர் முக்கினார். பெண் குழந்தை. வெளியே வந்ததும் அழுதது. தோல் கொஞ்சம் தளர்ந்து, கை கால் மெலிந்து, ஆனால் குரல் மட்டும் வராண்டா வரை கேட்டது. பி.பி. இருந்ததால் ரத்தப்போக்குக்கு பி.பி.யை ஏற்றிவிடும் மெத்தர்ஜினைப் போடாமல் ஆக்சிடோசின் ஊசி மட்டும் போட்டோம்.

நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. அதற்குள் தமிழரசி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வெயிட் என்ன சிஸ்டர்?"

"ரெண்டு கிலோவத் தாண்டிடுச்சு."

"பரவால்ல. ஏத்திடலாம்" என்று சொல்லித் தலையைச் சாய்த்துக்கொண்டார். டாக்டர் சரளா முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

வெளியே ராஜலட்சுமி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணுக்கும் அங்க இந்த மாதிரி பண்ணியிருந்தா..."

"அன்னிக்கு அவங்க நெலம என்னன்னு நமக்குத் தெரியாதும்மா. ஆபரேஷன் பண்ணவங்க உங்க பொண்ணையும் பேரப் புள்ளையையும் பத்திரமா வெளிய கொண்டு வந்திருக்காங்க. அவங்களும் நல்லதுதான் பண்ணியிருக்காங்க" என்றார் டாக்டர்.

வேறொரு டாக்டரைக் கீழே இறக்கித் தன்னை உயர்த்திக்கொள்ள அன்று அவருக்கு நல்ல வாய்ப்பு. அதை அவர் தொடக்கூட இல்லை.

5. ஜெசீமா

எல்லாப் பலூனும் இப்படி முடியவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

சில மாதம் கழித்து ஜெசீமா என்று ஒரு பெண் வந்தாள். அதிராம்பட்டினத்துக்காரி, உம்மாவோடு பெரியம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் பிரசவத் தேதி தாண்டிவிட்டது. அவளும் பிரைமி. புருஷன் துபாயில். பலூன் வைத்தோம், அழகாக விழுந்தது, டிரிப்பும் போட்டோம். வலி நன்றாக வந்தது. ஆனால் குழந்தையின் தலை கீழே இறங்கவே இல்லை. நாள் முழுக்க அவள் பொறுத்துக்கொண்டாள். கடைசியில் டாக்டர் ஆபரேஷன் செய்தார். ஆண் குழந்தை, நல்ல எடை.

மறுநாள் ரவுண்ட்ஸ் போனபோது உம்மா சந்தோஷமாகப் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். ஜெசீமா மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தையலைப் பார்க்க டாக்டர் குனிந்தபோது மெல்லக் கேட்டாள்.

"அந்த அங்கன்வாடி டீச்சருக்கு நல்லபடியா ஆச்சாமே. எல்லாரும் சொன்னாங்க. நான் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கணுமா மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. பலூனைப் பற்றிப் பெருமையாக வார்டு முழுக்கச் சொல்லி வந்ததில் நாங்களும் சேர்த்திதான். டாக்டர் சரளா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"உங்க இடுப்புக் கூட்டுல புள்ளையோட தல இருந்த இருப்பு அப்படிம்மா. நீங்க இன்னும் நாலு நாள் தாங்கியிருந்தாலும் அது எறங்கியிருக்காது. தோத்துப் போனது பலூனும் டிரிப்பும்தான், நீங்க இல்ல. நீங்க புள்ளையப் பெத்துட்டீங்க."

ஜெசீமா திரும்பிப் படுத்தாள். குழந்தையைக் கொடுக்கச் சொல்லி உம்மாவிடம் கையை நீட்டினாள்.

கதீட்டரை எங்கே பிடிப்பது, எவ்வளவு சலைன் ஏற்றுவது, எப்போது இழுத்துப் பார்ப்பது, எல்லாம் நான் டாக்டர் சரளாவிடம்தான் கற்றேன். அது கைப்பழக்கம், நாலு கேஸ் பார்த்தால் வந்துவிடும். ஆனால் வைப்பதற்கு முன்னால் கட்டிலில் இருப்பவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், வைத்த பிறகு அவள் காத்திருக்கும்போது நாமும் கூடவே காத்திருக்க வேண்டும், கடைசியில் எந்த வழியில் பிள்ளை வந்தாலும் அவள் தோற்றதாக நினைத்து வீட்டுக்குப் போகக் கூடாது. இந்த மூன்றும் எனக்கு எளிதில் வரவில்லை. ஓய்வு பெற்ற நாள்வரை, பிரசவம் முடிந்த ஒவ்வொரு பிரைமியின் கட்டிலருகிலும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் டூட்டி முடித்துக் கிளம்பினேன்.